கிங்ஸ்பரியில் பிறந்த ரோமாபுரி மொழி

லித்தோரா மொழிக்கு உலகத்திலேயே ஒரு ஆள்தான் பேச்சாளர்: லண்டன் கிங்ஸ்பரியில் குடியிருக்கும் மரினா. மொழியைப் பெற்றவளும் அவளே. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு ஜூபிலி லைன் ரயிலில் போய்வந்த ஆறு வருடத்தில் இலக்கணம் எழுதி, சொல் திரட்டி, ஒரு சரித்திரமும் கட்டியிருந்தாள். முத்துக்கு ஆசைப்பட்டு வந்த ரோமாபுரிக் கப்பலொன்று மன்னாரில் கரைதட்ட, நாற்பது மாலுமிகள் அங்கேயே பெண் எடுத்தார்கள்; அவர்களுடைய லத்தீனுக்குப் பிறந்த பிள்ளை, பிரெஞ்சுக்கும் ஸ்பானிசுக்கும் தங்கை, இன்று சாகக் கிடக்கிறது. இதையெல்லாம் இணையத்தில் போட்டு, கடைசிப் பக்கத்தில் ‘முழுக்கக் கற்பனை’ என்று நேர்மையாகவும் எழுதியிருந்தாள்.

கடைசிப் பக்கம்வரை வாசிப்பது மன்னார் ஊர்ச்சங்கத் தலைவர் அருள்நேசனின் வழக்கமல்ல.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேத்தண்ணியோடு தின்ன ரோல்ஸ் வந்த நேரம் அவர் மைக்கைப் பிடித்தார். அந்த மாலுமிகளில் மூத்தவனுடைய நேர்வாரிசு தான்தானாம். அவரைப் பெற்ற அப்பு சாகும்போது லித்தோராவில்தான் செபம் சொன்னாராம்.

“மாமா கடைசியாக் கேட்டது சோடா,” என்றாள் அவருடைய மனைவி றோஸ்மலர், பக்கத்தில் இருந்த மரினாவுக்கு மட்டும் கேட்க.

மரினா கடித்த ரோலைத் தட்டில் வைத்தாள். வாயை மூடினால் ஆறு வருட உழைப்பு அப்புவின் பெயருக்குப் போய்விடும். திறந்தால் மண்டபமே சிரிக்கும்.

எழுந்தாள். “அண்ணை, அந்த மொழி நான் செய்தது.”

“மொழியை ஆரும் செய்யிறதே பிள்ளை? அதென்ன ரோல்சே?”

“கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ.”

அவர் போனைத் தடவினார். “கற்பனை எண்டுதான் போட்டிருக்கு,” என்றார் கடைசியில்.

மரினா சிரிப்புக்குக் காத்திருந்தாள். வந்தது பின்வரிசையில் இருந்த பிறேமினியின் குரல். “மரினா, இதுக்குச் சோதனை இருக்கோ? கிரேட் வன், கிரேட் டூ எண்டு சேர்டிபிகேட் குடுப்பீரோ?”

“குடுக்கலாம் அக்கா. ஆனா இது ரோமாபுரியில இருந்து வரேல்ல.”

“வயலின் மட்டும் மன்னாரில இருந்தே வந்தது? என்ர பிள்ளையள் ரெண்டின்ர பேரையும் போடும். சனிக்கிழமை வயலினுக்கும் நீச்சலுக்கும் நடுவில ஒரு மணித்தியாலம் கிடக்கு.”

பிறேமினியின் பிள்ளைகள் படிக்கும் பாடத்தைத் தன் பிள்ளைகள் படிக்காமல் விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? தேத்தண்ணி ஆறுமுன் ஒரு பட்டியலில் இருபத்துமூன்று பெயர் சேர்ந்தது. சனிக்கிழமை டியூஷன் இல்லாமல்தான் லத்தீனே செத்திருக்க வேண்டும்.

கடைசியாக வந்த அருள்நேசன் பேனையை வாங்கி, பட்டியலின் தலையில் ‘நிறுவுநர்: அருள்நேசன்’ என்று எழுதினார். மரினா அதை வெட்டித் தன் பெயரைப் போட்டாள். அவருடையதை அடியில், இருபத்துநாலாவதாக எழுதினாள்.

“தலைவர் சின்னனுகளோட இருக்கிறதே?”

“முன்வாங்கில இருங்கோ அண்ணை.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கிரேட் வன் சோதனை கஷ்டமோ?”