காட்சிக்கு வைக்கப்பட்ட லிஃப்ட்

கமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அண்ணன். சின்ன வயதிலிருந்தே அவள் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. "பசிக்குது, ஆனா..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவாள். முற்றுப்புள்ளி வைக்க வேறு யாராவது வர வேண்டும். முப்பத்தாறு வயதாகி, நகரசபை ஆபீசில் ஆறு வருஷம் குப்பை கொட்டிய பிறகும் அதே கதைதான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று மேனேஜர் அவளுக்கு நற்சான்றே கொடுத்திருந்தார்.

அந்த மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அண்ணியின் மருந்துக்கடைப் பின்னறையை எட்டிப் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். நல்லவேளை, விழுந்தாலும் அடிபடாது. அந்த அறையில் தரையிலிருந்து கூரைவரை பஞ்சுச் சுருள்களும் பெரியவர்களுக்கான டயபர் மூட்டைகளும்தான். எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவில் இருமல் மருந்துப் பெட்டிமேல் மைக். ஒரு மூட்டையில் அண்ணி, எதிர் மூட்டையில் கமா. இருவரும் வாரம் தவறாமல் நடத்திய பாட்காஸ்ட்டின் பெயர் 'மூணு உயிர்'.

முதலில் ஒரு பழைய வீடியோ கேமைப் பிரித்து மேய்வார்கள். அடுத்து, டிவியில் அந்தக் காலத்தில் வந்த ஏதாவது ஒரு விளம்பரம்: பல்பொடி விளம்பரத்தில் சிரித்த பையனுக்கு முன்பல் இருந்ததா இல்லையா என்று இருபது நிமிஷம் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் அரசியல். "கேம் கேட்க வந்தவன் அரசியல் வந்தா எழுந்து போயிடுவான்" என்று ஆரூடம் சொன்னான் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அண்ணன். நடந்தது நேர்மாறு. கடைசிப் பத்து நிமிஷத்துக்காகவே ஒரு கூட்டம் சேர்ந்தது.

இருவரும் பெயரைச் சொல்வதில்லை. அண்ணி 'ஆட்டக்காரி ஒண்ணு', கமா 'ஆட்டக்காரி ரெண்டு'. குரலை மாற்றலாமா என்று அண்ணி கேட்டபோது, "வேணாம் அண்ணி. ஆபீஸ்ல என் குரல் யாருக்குமே தெரியாது" என்றாள் கமா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு தினுசு. மூக்கு வழியாக உள்ளே இழுத்து, வாய் வழியாக வெடிக்கும்.

வினை ஒரு கொத்தனார் உருவத்தில் வந்தது.

'கொத்தனார் கோட்டை' என்ற பழைய கேமை அண்ணி பன்னிரண்டு வயதில், அம்மை போட்டு வீட்டில் கிடந்த பதினாறு நாளில் ஆடி முடித்தவள். கையில் கரண்டியோடு ஒரு கொத்தனார் கோட்டைமேல் ஏறுவான். மூன்றாம் மாடியில் குடை பிடித்த ஒருவன் குறுக்கும் நெடுக்குமாக நடப்பான்.

"அந்தக் குடைக்காரன் யாரையும் துரத்த மாட்டான், சுட மாட்டான்" என்றாள் அண்ணி மைக்கில். "இங்கேருந்து அங்கே போவான், அங்கேருந்து இங்கே வருவான். அவனால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனா நீ மேலே போகணும்னா அவன்தான் குறுக்கே நிப்பான். அவனுக்குச் சாவும் கிடையாது. இப்படி ஒருத்தரை நாம எங்கேயோ பார்த்திருக்கோமே?"

கமாவுக்கு மூக்கில் சிரிப்பு ஏறிவிட்டது. ஊரே பார்த்த ஆள்தான். நகரசபைத் தலைவர் வெயிலோ மழையோ, பின்னால் ஒருவன் குடை பிடிக்காமல் நடக்க மாட்டார். பஸ் ஸ்டாண்ட் முன்னால் கட்டிய நடைமேம்பாலத்தை அவர் அதுவரை மூன்று தடவை திறந்து வைத்திருந்தார். படிக்கட்டுக்கு ஒரு தடவை, விளக்குக்கு ஒரு தடவை, லிஃப்டுக்கு ஒரு தடவை.

அந்த ஒன்றரை நிமிஷத்தை யாரோ வெட்டிப் போட, செவ்வாய்க்கிழமைக்குள் அது ஊரின் எல்லாப் போனிலும் ஓடியது. புதன்கிழமை தலைவர் கமாவைக் கூப்பிட்டார்.

மேனேஜர் பக்கத்தில் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றிருந்தார். தலைவர் போனை மேஜைமேல் வைத்து முழுதாக ஓடவிட்டார். கமா தன் சிரிப்பைத் தானே கேட்டாள்.

"சிரிப்பைப் பாரு, பன்னி மாதிரி" என்றார் தலைவர். "இந்த ரெண்டு பொம்பளைங்களும் யாருன்னு ஒரு வாரத்துல கண்டுபிடிக்கணும். நீதானே செய்திப் பிரிவு? அப்படியே ஒரு மறுப்பும் எழுது."

"சரி சார், ஆனா..." என்றாள் கமா.

"ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. போ."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஆபீஸ் நேரத்தில், சம்பளத்தோடு செய்யச் சொல்லிவிட்டார்கள். தன்னைத் தேடும் வேலையை அவள் தள்ளிப் போட்டாள். மறுப்பை மட்டும் எழுத உட்கார்ந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கமா தன் வேலையைப் பற்றி "டைப் அடிக்கிறேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. ஆனால் நகரசபையின் பெயரில் வெளியாகும் ஒவ்வொரு செய்திக் குறிப்பும் அவள் கையால் வந்தது என்பது அண்ணிக்குத் தெரியாது. கமாவுக்கு அதில் வெட்கமும் உண்டு, ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பேச்சில் முடிக்கத் தெரியாதவள் எழுத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட அந்தரத்தில் விட்டதில்லை.

அன்றைக்கும் விடவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, 'மக்கள் நலன் கருதி மேம்பாலம் படிப்படியாகத் திறந்து வைக்கப்பட்டது' என்று எழுதினாள். படிக்கட்டுப் பாலத்துக்குப் 'படிப்படியாக'! தானே மெச்சிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி அந்தக் குறிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேமும் இல்லை, விளம்பரமும் இல்லை. நேராக அடிமடியிலேயே கை வைத்தாள்.

"படிப்படியா திறந்தாங்களாம்! படிக்கு ஒரு ரிப்பன்னு வெட்டியிருந்தா நாப்பத்திரெண்டு விழா ஆகியிருக்கும். மூணோட விட்டாரே, புண்ணியவான்" என்று ஆரம்பித்தவள், வரி வரியாகத் தோலை உரித்தாள். பிறகு பழைய குறிப்பு ஒன்றையும் எடுத்தாள். "லிஃப்ட் திறந்தப்போ என்ன எழுதியிருக்கான் பாரு. 'மின்தூக்கி வசதி பொதுமக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.' காட்சிக்கு வைக்க அது என்ன மிருகமா? இதை எழுதினவன் ஒரு கழுதை. அந்தக் கழுதைக்கு யாரோ காகிதத்தைத் தின்னக் கொடுக்காம எழுதக் கொடுத்துட்டாங்க."

"நான்தான்" என்றாள் கமா.

"என்ன நீதான்?"

"அந்தக் கழுதை நான்தான் அண்ணி."

அண்ணி கையிலிருந்த காகிதத்தையும் கமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? இப்ப சொன்னதைத்தானே? நீங்க டயபர் மூட்டைமேல உக்காந்துகிட்டு யாரை வேணும்னாலும் கிண்டல் பண்ணலாம். கடை உங்களோடது. நான் அவங்க சொல்ற பொய்யைப் பிழையில்லாம எழுதணும். காட்சிக்குன்னு ஏன் எழுதினேன் தெரியுமா? அங்கே லிஃப்டே இல்ல. வாங்கின மிஷின் லிஃப்டுக்குன்னு விட்ட குழிக்குள்ள நுழையல. திறப்பு விழாவுக்கு மொத நாள், லிஃப்ட் கதவைப் படம் எடுத்து, பேனர்ல அச்சடிச்சு ஒட்டினாங்க. பட்டன்கூடப் படம்தான். 'மின்தூக்கி இயங்குகிறது'ன்னு எழுதச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொல்லல, எனக்கு வாய் வரல. ராத்திரி பூரா யோசிச்சு 'காட்சிக்கு'ன்னு போட்டேன். படம்னா காட்சிதானே? அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. நாலு மாசமா அதை ஒருத்தராவது கவனிப்பாங்களான்னு பார்த்துகிட்டு இருக்கேன். கவனிச்சது நீங்க ஒருத்தர்தான். கவனிச்சிட்டு என்னைக் கழுதைன்னுட்டீங்க."

அவள் அதோடு நிற்கவில்லை. ஆறு வருஷமாகத் தொண்டையில் தேங்கியதெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. மேனேஜர், தலைவர், தலைவருக்குக் குடை பிடித்துக்கொண்டு அவளை இன்றுவரை 'பாப்பா' என்று கூப்பிடும் ஆள், ஒருவரும் தப்பவில்லை. நடுநடுவே அண்ணிக்கும் விழுந்தது: "நான் பேச ஆரம்பிச்சாலே நீங்க முடிச்சு வைப்பீங்க. அந்தப் பல்பொடிப் பையன் விஷயத்துல நான் சொன்னதுதான் சரி." அண்ணி வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் இடமில்லை.

பதினோரு நிமிஷம் கழித்து கமா மூச்சு வாங்கினாள். அண்ணி கண்ணைத் துடைத்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கதவு நிஜமாவே படமா?"

"தொட்டுப் பாருங்க. ஓரம் கிழிஞ்சிருக்கு."

"கழுதைன்னதுக்கு மன்னிச்சுடுடி" என்றாள் அண்ணி. அப்போதுதான் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. "ஐயோ. இதை வெட்டித் தூக்கிப் போட்டுடு. உன் வேலைக்கே வேட்டு."

வெட்டி ஒட்டுவது எப்போதும் கமாதான். வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள். முதல் தடவை, எங்கே வெட்டலாம் என்று பார்க்கக் கேட்டாள். இரண்டாவது தடவை அதற்காகக் கேட்கவில்லை. ஹெட்போனுக்குள் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியமும் அறுந்து தொங்கவில்லை. யாரடி இவள், இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று கமாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமும் இருந்தது. குடை பிடிக்கிறவனைப் பற்றிச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் நீக்கினாள். மற்றதை அப்படியே ஏற்றிவிட்டு அண்ணிக்குப் போன் செய்தாள்.

"வெட்டல."

போனில் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: "ரெண்டு பொம்பளைங்க சண்டை போடறதுக்கு மைக் எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேன்."

திங்கட்கிழமை மதியத்துக்குள் மேம்பாலத்தில் கூட்டம். ஜனங்கள் வரிசையில் நின்று, படத்திலிருந்த பட்டனை அழுத்தி, லிஃப்ட் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் மாமியாரையே கூட்டி வந்து, "நீங்க முதல்ல ஏறுங்க அத்தை" என்று கதவுப் பக்கம் கை காட்டினார்.

நான்கு மணிக்குக் கமாவுக்கு அழைப்பு வந்தது. கதவைத் தட்டிவிட்டுத் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள். மேனேஜர் பேய் அறைந்தவர்போல் ஜன்னல் ஓரம் நின்றார்.

தலைவர் வெகுநேரம் அவளை உற்றுப் பார்த்தார். ஆறு வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறார் என்று பட்டது.

"அந்தக் குடைக்காரனுக்குச் சாவு கிடையாதுன்னு யாரு சொன்னது?" என்றார்.

"சார்?"

"அந்த கேம்ல. மூணாவது மாடி ஜன்னல்ல நின்னு கரண்டியை எறிஞ்சா குடை மூடிக்கும், அவனே கீழே விழுவான். எட்டுத் தடவை முடிச்சிருக்கேன் நான். தெரியாத விஷயத்தை ஊருக்கே சொல்றீங்க!"

"திருத்தம் போட்டுடறோம் சார்" என்றாள் கமா. பிறகு, நிறுத்தலாம் என்று நினைத்த இடத்தில் நிறுத்தாமல், "லிஃப்ட் விஷயத்துல ஏதாவது திருத்தம் இருந்தா அதையும் சொல்லுங்க சார், போட்டுடறோம்" என்றாள்.

மேனேஜர் இருமினார். தலைவரின் முகம் சிவந்து, வெளிறி, கடைசியில் ஒரு நிறத்திலும் நிலைக்காமல் நின்றது. இவளை வேலையை விட்டு அனுப்பினால் நாளைக்கே மாலை போட்டு ஊர்வலம் விடுவார்கள் என்று மேனேஜர் முன்கூட்டியே காதில் ஓதியிருந்தார். அதனால் மறுநாளிலிருந்து நாய் லைசென்ஸ் பிரிவு என்று உத்தரவானது. அந்த ஆபீசில் அதற்குக் கீழே ஒரு பதவி கிடையாது. அதற்கும் கீழே நாய்தான்.

புதுப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் ஷெட்டை ஒட்டி இருந்தது. கமா முதல் நாள் கொஞ்சம் அழுதாள். இரண்டாம் நாள் அழ நேரமில்லை. நாயைக் கூட்டி வந்தவர்கள் யாரும் படிவத்தைப் படிப்பதாக இல்லை. ஒவ்வொருவருக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாயால் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் குரைப்புக்கு மேல்.

செய்திப் பிரிவுக்கு வந்த புது ஆள் முதல் குறிப்பிலேயே 'தலைவர்' என்பதைத் 'தவளர்' என்று எழுதினான். அண்ணி அதற்கே ஒரு எபிசோடு கேட்டாள். "பாவம், புதுப் பையன், விடுங்க" என்றாள் கமா. அண்ணி விட்டுவிட்டாள். பல்பொடிப் பையனைப் பற்றி அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கமா பேசும்போது குறுக்கே வராமலிருக்க, கையில் ஒரு பஞ்சுச் சுருளை வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் மேம்பாலத்துக் குழியை இடித்து அகலமாக்கி, உண்மையான லிஃப்டைப் பொருத்தினார்கள். தலைவர் நான்காவது தடவையாக ரிப்பன் வெட்டினார். கமாவுக்கு அன்றைக்கு கவுன்டரை விட்டு நகர முடியவில்லை. ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் நாய் அவருடைய விண்ணப்பத்தைத் தின்றுவிட்டு அடுத்தவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணிதான் கடையைப் பூட்டிவிட்டு அண்ணனோடு போயிருந்தாள். பதினோரு மணிக்கு அவள் போன் வந்தது.

"ஏறி இறங்கிட்டோம்டி. மூணு தடவை."

"எப்படி இருக்கு?"

"வேலை செய்யுது" என்றாள் அண்ணி, வீட்டில் திருட்டுப் போன மாதிரி ஒரு குரலில். "சத்தம்கூட வரல. உள்ளே ஃபேன் வேற ஓடுது. வர்ற ஞாயித்துக்கிழமை நாம என்னத்தைப் பேசறது?"

"விளம்பரத்தைப் பேசுவோம். இருங்க அண்ணி, நாய் ரெண்டாவது ஃபார்மையும் பிடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, கமா கவுன்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.