வேகாத தமால்

தமால் வேகவில்லை.

எர்லிந்தா ஆவிப் பானையிலிருந்து ஒரு சோளமாவுப் பொதியை எடுத்து, விரல் சுடச் சுடச் சோளத்தோலைப் பிரித்துப் பார்த்தாள். ஓரம் வெந்திருந்தது. நடுவில் வெள்ளை வெளேரென்று பச்சை மாவு. கல்யாணமான நாளிலிருந்து இந்த உணவு வண்டியில் சோளமாவு பிசைகிற கை அது. இன்றைக்குப் பார்த்தா காலை வாரிவிட வேண்டும்!

எதிரே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் மகள் சித்லாலி கிடந்தாள். காய்ச்சல் முற்றி, சோறு தண்ணீர் இறங்காமல் எலும்பாகியிருந்தாள். நேற்று யாரோ விற்ற தமாலை வாங்கிக் கொடுத்தபோது முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டாள். "நம்ம வண்டிது வேணும்மா. பன்றிக்கறியும் பச்சை மிளகாயும் வெச்சது." டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று காலைப் பார்வையாளர் நேரம் முடிவதற்குள் வாயால் எதுவும் சாப்பிடவில்லை என்றால், மூக்கில் குழாய்தான். அதனால்தான் எர்லிந்தாவும் கணவன் கசிமிரோவும் விடிந்ததுமே வண்டியைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் சண்டை பிடித்துக்கொண்டது.

"யோவ், அவ படுத்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? எலுமிச்சைச் சாறு குடிச்சா சரியாப் போயிடும்னது யாரு?"

"நான்தான்டி. போதுமா? இன்னும் எத்தனை தடவை சொல்லுவே?" என்றான் கசிமிரோ.

"அவ எழுந்து உக்கார்ற வரைக்கும் சொல்லுவேன்!"

காலைச் சாப்பாட்டுக்கு வந்து நின்ற டாக்சிக்காரர் மக்காரியோ தலையில் அடித்துக்கொண்டார். "தமால் பானை பக்கத்துல நின்னு இப்படிக் கத்தினா எப்படி வேகும்? பானைக்குக் காது கட்டுங்கக்கா. கோபக்காரங்க யாரோ, ஒரு ஆட்டம் போடுங்க."

தொலூக்கா ஊரில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கோபக்காரர் பக்கத்தில் நின்றால் தமால் வேகாது. பானைக்கு அந்தப் பேச்சு கேட்காமலிருக்கச் சோளத்தோலைக் கிழித்து, பானையின் காதான கைப்பிடிகளைச் சுற்றிக் கட்ட வேண்டும். கோபக்காரர் பானைக்கு முன்னால் ஆட வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி பண்ண வேண்டும். எர்லிந்தா காது கட்டினாள். அந்தக் குறுகிய வண்டிக்குள் முழங்கை இடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள்.

"அக்கா, இது ஆட்டமா, கரப்பான்பூச்சி மிதிக்கிறீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கசிமிரோ மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நான் போறேன். நான் இருந்தா இது வேகாது." பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

வண்டி அமைதியாயிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பானையின் அடித்தண்ணீரில் ஒரு காசு கிடக்கும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது கடகடவென்று ஆடும். ஓசை நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இப்போது ஓசையே இல்லை. எப்போது நின்றதோ! கத்திய கத்தலில் காதில் விழவில்லை. அதிகம் கத்தியது அவள்தான்.

கொதிநீரை ஊற்றினாள். காசு மறுபடி கடகடத்தது. ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கூவினாள்.

"கசிமிரோ! வாய்யா திரும்பி! கோபக்காரி நான்தான். வா, வந்து என்கூட ஆடு!"

இருவரும் ஆடினார்கள். கசிமிரோவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் கோபம் போயிற்றா என்றால், பாதிதான் போயிற்று. தமாலும் அதற்குள் பாதிதான் வெந்தது. ஆனால் பார்வையாளர் நேரம் முடிய இருந்தது. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. இருப்பதில் நல்லதாக ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு எர்லிந்தா மாடிக்கு ஓடினாள்.

சித்லாலி முகர்ந்தாள். ஓரத்தில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். எர்லிந்தாவின் தொண்டையும் கூடவே விழுங்கியது. இன்னொரு விள்ளல், இன்னொன்று. வெந்த ஓரம் முழுவதும் உள்ளே போயிற்று. நடுவைப் பிளந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சண்டை போட்டீங்களா?"

"இல்லடி."

"தமால் சொல்லுதேம்மா. அப்பா மேலயா? எலுமிச்சைச் சாறுக்கா?"

எர்லிந்தா தமால் சுற்றி வந்த துணியை மடித்தாள்.

"அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் அப்பா சொன்னாரு. பரீட்சை போயிடும்னு நான்தான் மாட்டேன்னேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

அவமானம் எர்லிந்தாவைப் பிடுங்கித் தின்றது. அன்று காலை மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்கத் தான் வீசிய ஒவ்வொரு சொல்லும் திரும்ப வந்து விழுந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கீழே வண்டியில் மக்காரியோ கைதட்டிக்கொண்டிருந்தார். காது கட்டிய பானைக்கு முன்னால், மிச்சத் தமால் மகளுக்கு நன்றாக வெந்து வர வேண்டுமே என்று, கசிமிரோ தனியாக ஆடிக்கொண்டிருந்தான்.