பச்சைக் கவுன்

அந்த வீட்டில் எல்லாமே இரண்டு நிறம். மஞ்சள் தம்ளர், பச்சைத் தம்ளர். மஞ்சள் துண்டு, பச்சைத் துண்டு. மஞ்சள் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. பச்சையில் ஒற்றைச் செருப்புதான், மற்றது எங்கே என்று கேட்டால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டைதான் வரும். கூடத்தில் இறைந்து கிடந்த சாமான்களைப் பார்த்தால், இரண்டு கட்சிக்காரர்கள் கொடியும் கம்புமாக வந்து அடித்துக்கொண்டு போன இடம் போலிருக்கும்.

இந்த நிறச் சட்டத்தைப் போட்டவள் பிள்ளைகளின் அம்மா. இரட்டைப் பெண்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே போட்டுவிட்டாள். மூத்ததுக்கு மஞ்சள், இளையதுக்குப் பச்சை. இரண்டும் அச்சு அசல் ஒரே முகம், வேறென்னதான் செய்வாள்? அவள் வேலை பார்த்தது ஒரு பார்சல் கிடங்கில். அங்கே பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக்கொண்டு நிற்பதில்லை. ஸ்டிக்கரின் நிறத்தைப் பார், அந்த நிறக் கூடையில் போடு, அடுத்ததை எடு. நின்று படித்தால் பின்னால் வரும் பெட்டி காலில் விழும். வீட்டிலும் அதே கதைதான். ஒன்றைத் துடைத்து முடிப்பதற்குள் இன்னொன்று நனைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நிறத்தைப் பார்த்தே குளிப்பாட்டினாள், நிறத்தைப் பார்த்தே ஊட்டினாள், நிறத்தைப் பார்த்தே திட்டினாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட மாறிப்போனதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். கர்வப்பட அவளிடம் வேறு என்ன மிச்சமிருந்தது? தலைவாரிக்கொள்ளக்கூட நேரமில்லை.

சில நிமிஷம் முன்னால் பிறந்த ஒரே தகுதியில் மூத்ததுக்குப் ‘பெரிசு’ என்று பேர் விழுந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் அளந்துகொண்டிருக்கும். இளையதுக்கு ‘வாலு’. அதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டுக்கும் இன்று இரண்டு வயது.

“ஒண்ணும் வேண்டாங்க. நாலு பேரைக் கூப்பிட்டா நாப்பது தட்டு கழுவணும். எனக்கு உட்காரக் கொஞ்ச நேரம் கிடைச்சாலே அதான் பிறந்தநாள்” என்று அவள் முன்னமே சொல்லிப் பார்த்தாள்.

“சின்னதா பண்ணலாம்” என்றான் கணவன். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பார்க்கிற வீட்டில் எல்லாம் சிநேகம் பிடித்துக்கொள்கிறவன். அவன் சின்னதாக ஆரம்பித்தது வீடு கொள்ளாத கூட்டமாக முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியே ஆயிற்று.

போதாக்குறைக்குக் காலையில் வாலுக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றால் மற்ற வீடுகளில் ஒரு கவலை, இந்த வீட்டில் குலைநடுக்கம். சில மாதம் முன்னால் இப்படித்தான் லேசாக ஆரம்பித்தது. திடீரென்று ஏறி, வாலின் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. கணவன் செருப்புக்கூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினான். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். காய்ச்சலை ஏற விடாதீர்கள், உடனே மருந்து கொடுங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் நேரம் ஆகாமல் மறுமுறை கொடுக்காதீர்கள், அது ஈரலைக் கெடுத்துவிடும். அன்றிலிருந்து அவள் தூக்கத்திலும் கையை நீட்டிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்.

காலை மருந்தில் காய்ச்சல் இறங்கியது. வாலை வெறும் பனியனோடு படுக்கையறையில் தூங்க வைத்தாள். புதுப் பச்சைக் கவுன் நாற்காலியில் தொங்கியது. கேக் வெட்டி முடித்ததும் அடுத்த வேளை மருந்து. அதை மட்டும் மறந்துவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கணவனின் தங்கை போட்டோகிராபர். கல்யாண வீடுகளில் யாரையும் தலைநிமிர வைத்துவிடுவாள். கேமராவும் கையுமாக வந்தவளுக்குப் பெரிசு மட்டும் மஞ்சள் கவுனில் தனியாக உட்கார்ந்திருந்தது பிடிக்கவில்லை.

“ரெண்டு பேரையும் கேக்கோட எடுக்கணும் அண்ணி. நாளைக்கு வளந்ததும் வாலு என் போட்டோ எங்கன்னு கேப்பா இல்ல?”

“தூங்குறாம்மா. தயவுசெஞ்சு எழுப்பிடாதே.”

“எழுப்பவே மாட்டேன். என்கிட்ட விடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்.”

விட்டாள். யாராவது எதையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிடும் நிலையில் இருந்தாள் அவள்.

அதன் பிறகு சமையலறைதான். ஒருவர் தண்ணீர் கேட்டார், ஒருவர் ஸ்பூன் கேட்டார், எதிர்வீட்டு டீச்சர் உள்ளே வந்து, “நீ ஏம்மா இவ்ளோ மெலிஞ்சு போயிட்ட?” என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டு போனாள். பலூன் வெடித்தால் ஒரு பிள்ளை அழுதது, வெடிக்காவிட்டால் இன்னொரு பிள்ளை அழுதது. மருந்து நேரம் வந்தது. பச்சை மூடியில் மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டு, மறு கையில் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சோபா ஓரத்தில் பச்சைக் கவுன் நின்றுகொண்டிருந்தது. முகமெல்லாம் கிரீம். எழுப்பாதே என்றேனே, எழுப்பி உடுத்தியும் விட்டாளா என்று ஒரு கணம் சுருக்கென்றது. சரி, எழுந்ததும் நல்லதற்குத்தான், மருந்து நேரம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை இல்லை.

“ஆ காட்டு தங்கம்.”

பிள்ளை ஒரே மடக்கில் குடித்தது. உதட்டை நக்கிக்கொண்டு, “இன்னும்” என்றது.

வாலுக்கு மருந்து கொடுப்பதென்றால் வழக்கமாக இரண்டு ஆள் வேண்டும், சுவரைத் துடைக்க மூன்றாவது ஆள். பிறந்தநாள் அன்றைக்காவது புத்தி வந்ததே என்று அவள் சந்தோஷப்பட்டாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. அந்த அளவுக்குக் களைத்திருந்தாள்.

சற்று நேரம் கழித்துப் படுக்கையறையை எட்டிப் பார்த்தபோது வாலு பனியனோடு கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் பச்சைக் கவுன் மறுபடியும் தொங்கியது. போட்டோ எடுத்து, மருந்தும் குடித்து, திரும்பப் படுக்க வைத்தாகிவிட்டது. நாத்தனாருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, சத்தத்தில் பிள்ளை எழாமலிருக்கக் கதவை நன்றாகச் சாத்தினாள்.

கூட்டம் கலைந்தது. கணவன் சட்டை மாற்றப் படுக்கையறைக்குள் போனான். போன வேகத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

“என்ன இப்படிக் கொதிக்குது? மருந்து குடுத்தியா இல்லையா?”

அவள் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது.

“குடுத்தேங்க. என் கையாலதான் குடுத்தேன்.”

“குடுத்துமா இப்படி? இன்னொரு மூடி ஊத்து.”

“ஐயோ, ஊத்தக் கூடாது. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போட்டார்கள். துணிதான் சூடானது. வாலு கண்ணைத் திறக்கவில்லை. உதடு துடித்தது. விரல் ஒன்று வெட்டியதா, அவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததா? கணவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நர்ஸின் குரல் அவசரமில்லாமல் கேட்டது.

“மருந்து எப்பங்க குடுத்தீங்க?”

“இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி” என்றாள் அவள்.

“முழுசாக் குடிச்சாளா? துப்பலையே?”

“துப்பவே இல்ல. இன்னும் வேணும்னு...”

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். வாலு இன்னும் வேணும் என்று கேட்டதா? சுவரெல்லாம் துப்புகிற வாலா?

நாத்தனார் மடியில் பெரிசை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பெரிசு மஞ்சள் கவுனில் இருந்தது. அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

“வாலை யார் எழுப்பினது?”

“யாரும் எழுப்பலையே அண்ணி.”

“அப்போ பச்சைக் கவுன்ல நின்னது?”

நாத்தனார் மடியிலிருந்த பெரிசைக் குனிந்து பார்த்தாள். “இவதான் அண்ணி. தூங்குற பிள்ளைய எழுப்ப வேண்டாம்னு இவளுக்கே ரெண்டு கவுனையும் மாத்தி மாத்திப் போட்டு எடுத்தேன். ஒரே முகம்தானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு...”

“அறிவிருக்கா உனக்கு?” என்று கணவன் கத்தினான்.

“எனக்கு எப்படிண்ணா தெரியும், அந்த நேரம் பார்த்து மருந்து குடுப்பாங்கன்னு?” அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. அழுகையோடு அந்த வார்த்தையும் வந்துவிட்டது. “பெத்தவங்கதானே? முகத்தைப் பார்த்தா தெரியாதா?”

சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்றது போன். “சரியாச் சொல்லுங்கம்மா. மருந்தை எந்தக் குழந்தைக்குக் குடுத்தீங்க?”

“கவுனுக்குக் குடுத்தேம்மா” என்றாள் அவள். “முகத்தை நான் பார்க்கல.”

நர்ஸுக்கு அது புரியவில்லை. கணவன் போனை எடுத்து விளக்கினான். நல்லா இருக்கிற குழந்தைக்கு ஒரு வேளை மருந்து போனதால் ஒன்றும் ஆகாது, காய்ச்சல் குழந்தைக்கு உடனே கொடுங்கள், இறங்காவிட்டால் நேரே வந்துவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

அவள் மருந்தை ஊற்றினாள். அவசரத்தில் பாதி தரையில் போயிற்று. கணவன் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, உதட்டைப் பிரித்து உள்ளே விட்டாள். வாலு கண்ணைத் திறக்காமலே அதை அவள் முகத்தில் துப்பியது.

பிசுபிசுவென்று கன்னத்தில் வழிந்த அந்தத் துப்பலில்தான் அவளுக்கு உயிர் வந்தது. “துப்புடி” என்றாள். “நல்லாத் துப்பு. நீதான்டி வாலு.” சொல்லிக்கொண்டே விக்கி விக்கி அழுதாள். மறுபடி ஊற்றி, மூக்கைப் பிடித்து, விழுங்கும்வரை விடவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியபோது வாலின் நெற்றியில் வேர்வை பூத்தது. தெர்மாமீட்டரைப் பார்த்த கணவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாத்தனார் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், அவளை யாரும் பெருக்கச் சொல்லவில்லை. கேக் துணுக்கும் பலூன் கிழிசலும் ஒரு முறம் நிறைய வந்தது. போகும்போது வாசலில் நின்று கேமராவை நீட்டினாள்.

“ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன் அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க. அந்த போட்டோவ அழிச்சிடறேன்.”

அவள் திரையைப் பார்த்தாள். மஞ்சளில் ஒரு பிள்ளை. அடுத்ததில் பச்சையில் ஒரு பிள்ளை. இரண்டிலும் அதே தாடை, அதே முறைப்பு, அதே அதிகாரி. இப்போது பார்க்கும்போது பெரிசைத் தவிர வேறு யாராகவும் தெரியவில்லை. எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நீ சொன்னதுல தப்பில்ல. போயிட்டு வா” என்றாள்.

பெரிசைக் குளிப்பாட்டி, வாலைத் துடைத்துவிட்டு, இரண்டையும் வெள்ளைப் பனியனில் கட்டிலில் விட்டாள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு படுத்தன. அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். உடம்பில் ஒரு எலும்பும் தன்னுடையதாக இல்லை. கழுவாத தட்டுகள் சமையலறையில் மலையாகக் கிடந்தன, நாளைக்குக் கிடங்கில் காலை ஷிப்ட். கண் தானாக மூடியது. மூடக் கூடாது என்று இமையைத் தேய்த்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், ஓடியிருக்கிறாள். உட்கார்ந்து பார்த்திருக்கிறாளா? அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கணவன் இரவுச் சட்டை இரண்டை எடுத்துக்கொண்டு வந்தான், மஞ்சளில் ஒன்றும் பச்சையில் ஒன்றும். கட்டிலருகே வந்தவன் குனிந்து பார்த்து, அப்படியே நின்றான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“இதுல பெரிசு எது?”

“இருங்க” என்றாள் அவள். இரண்டு முகத்துக்கும் நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். “பார்த்துச் சொல்றேன்.”