பின்னால் ஓடிய ஓடை

கடலோரத்து மட்டிகளில் நஞ்சு ஆண்டுக்காண்டு எவ்வளவு ஏறுகிறது என்று கண்காணிக்கும் திட்டத்தை வகுத்தவள் ஞானாம்பாள். கழிவு கலக்கும் முகத்துவாரங்கள் மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க மாசுபடாத ஓரிடம் வேண்டியிருந்தது. பிறந்த ஊரில், குடும்ப வயலுக்குப் பின்னால் கடலுக்குப் போகும் ஓடையைச் சேர்த்துக்கொண்டாள். அந்தத் தண்ணீர் கெடாது என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

நான்காம் ஆண்டு காவிரியில் தண்ணீர் வரவில்லை. தம்பி வைத்தியலிங்கம் பத்திரத்தோடு வந்து நின்றான்.

"குறுவையும் போச்சு, சம்பாவும் போச்சுக்கா. நிலத்தைக் குத்தகைக்குக் கேக்கறாங்க. நீயும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

யாருக்கு, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஆய்வகத்தில் வேலை குவிந்து கிடந்தது. போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த முறை மட்டி எடுக்கப் போனபோது வயல் இருந்த இடத்தில் இறால் குட்டைகள் வெட்டியிருந்தார்கள். அவற்றின் கழிவுநீர் குழாய் வழியாக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. மட்டிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. கரையில் செங்கொடி நட்டு உட்கார்ந்திருந்த நடவுப் பெண்களிடையே இருந்து, குடும்ப வயலில் நெடுநாள் நாற்று நட்ட தங்கம்மாள் எழுந்து வந்தாள்.

"நாங்க இனிமே எங்கம்மா போயி நாத்து நடுறது? நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாமே?"

"போட்டேன்" என்றாள் ஞானாம்பாள்.

தெற்கே வெகுதூரத்தில் வேறோர் ஓடையைத் தேடிப் பிடித்து, ஒப்பீட்டை முதலிலிருந்து தொடங்கினாள். தங்கம்மாள் குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அன்று தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நெடுநாள் மனம் அடித்துக்கொண்டது.