முதலில் மூச்சு விட்டவள்

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தபோது பெரியவள் அம்மாவின் தலையணைக்கு வேறு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். சலவைக் கடை நடத்துகிறவள். என்ன துக்கம் வந்தாலும் கை சும்மா இருக்காது. உறையின் மூலைகளை இழுத்துவிட்டு, அம்மாவின் தலையை ஒரு கையால் தூக்கித் தலையணையை அடியில் தள்ளினாள். தலை கனத்தது.

சின்னவளின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள், போன் வந்ததும் அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள். அம்மாவின் மேல் விழுந்து ஓவென்று அழுதாள். அப்போதுதான் விரித்த வெள்ளை விரிப்பு நனைந்தது. பெரியவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்கவில்லை. அழுவதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்று அந்த நேரத்திலும் சுருக்கென்றது.

"கடைசியா என்ன சொன்னா? என்னைத் தேடினாளாக்கா?"

பெரியவள் விரிப்பின் ஈரத்தைத் துணியால் ஒற்றினாள்.

கட்டிலோரம் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. அதன் கழுத்தில், கடலில் முங்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் நீல மாஸ்க் ஒன்று தொங்கியது. சின்னவள் வாங்கிவந்து மாட்டியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா வேலைபார்த்த காலம் முழுவதும் பேருந்து நிலையத்து டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே கடற்கரைக்கு அனுப்பிவைத்தவள். போனவர்கள் முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். அவள் ஒருநாளும் போனதில்லை, போகவேண்டும் என்று சொன்னதும் இல்லை. நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவளுக்குக் கடல் ஆசை வந்தது. ஆசை எங்கிருந்து வரும்? சின்னவள்தான் சாயங்காலமானால் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏதோ ஒரு கடலோர விடுதியின் படங்களைக் காட்டிக் கிளப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதே பேச்சு. எந்த அறை, எந்தப் பக்கம் ஜன்னல், மணலில் எந்த நிறக் குடை. "ஜன்னலைத் திறந்தா அலை வந்து கட்டில்ல மோதணும்டி" என்பாள் அம்மா. முதல் நாள் கரையோரம் மூச்சை அடக்கி முங்கிப் பழகுவது, மறுநாள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவது என்று முடிவாயிற்று.

"சுறா வந்துட்டா?"

"உன் இருமலைக் கேட்டாலே ஓடிப்போயிடும்மா."

அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். இருமி முடித்ததும் சிலிண்டரைத் தட்டி, "இது ஏற்கெனவே இருக்கு. கடல்தான் பாக்கி" என்பாள். மறுபடியும் சிரிப்பு.

பெரியவள் சமையலறையில் பாத்திரங்களை அறைந்து வைப்பாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவளிடம் அம்மா பேசுவதெல்லாம் தலையணை உயரம், வயிறு போனது, போகாதது. குளிப்பாட்டுவது இவள், துடைப்பது இவள், ராத்திரியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது இவள். சாயங்காலம் ஒரு மணிநேரம் வந்து உட்காருகிறவளுக்குக் கடலும் மீனும்! அம்மா எங்கேயும் போகப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். போகாத பயணத்துக்கு ஆள் சேர்ப்பதில்கூடவா ஓரவஞ்சனை? ஒப்புக்குச் சப்பாணியாகவாவது தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒருநாள் சின்னவள்தான் கேட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் வெந்நீரோடு நின்ற பெரியவளின் காதில் அது விழுந்தது.

"அக்காவையும் கூட்டிட்டுப் போலாமாம்மா?"

"ஐயய்யோ, அவ வேண்டாம்டி. அவ வந்தா பின்னாடியே மாத்திரை டப்பாவும் வரும்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெந்நீர் ஆறும்வரை பெரியவள் அங்கேயே நின்றாள்.

அதற்கும் பிறகுதான் அந்த மூச்சடக்கும் ஆட்டம் தொடங்கியது. இருவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் மூச்சு விடுகிறவள் தோற்றவள். அம்மாவால் எத்தனை நேரம் முடியும்? கண் மூடித் திறப்பதற்குள் புஸ்ஸென்று விட்டுவிடுவாள். உடனே, "இன்னொரு தடவை!" முதன்முதலாக அதைப் பார்த்த அன்று பெரியவள் கத்தின கத்தலில் மாடி வீட்டம்மா இறங்கி வந்துவிட்டாள். "கொலை பண்ணப் பாக்கறியாடி அவளை?" என்று பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா திட்டு வாங்கிய பள்ளிப் பிள்ளையைப் போல மாஸ்க்கைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அப்படிக் கத்தினவள், இன்று மதியம் என்ன செய்தாள்?

கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, மாத்திரையும் கொடுத்தாயிற்று. அம்மா இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை என்றாள். முகத்தில் வெயில் விழுந்தது. திரையை இழுக்கப் போனவளிடம், "இருக்கட்டும்" என்றாள். பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதமாகத் தொண்டையில் நின்றது, கேட்டுவிட்டாள்.

"அந்த ரூம்ல மூணாவது கட்டில் போடுவாங்களாம்மா?"

அம்மா அவளையே பார்த்தாள். "உனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"கத்துக்கறேன்."

"மூச்சு அடக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்க, அடக்கு பாப்போம்."

கேட்டதும் பெரியவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது. சொன்னால் வெட்கக்கேடு, ஐம்பதைத் தொடப்போகிறவள், கன்னத்தை உப்பி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் உதட்டை இறுக்கிக் கன்னத்தை லேசாக உப்பினாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. குழாயோடு விளையாடினால் அது அழுகுணி ஆட்டம் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவின் மார்பு அசையவில்லை. பரவாயில்லையே, கிழவி நிஜமாகவே அடக்குகிறாளே! சின்னவளோடு ஆடும்போது இவ்வளவு நேரம் தாங்கியதே இல்லை. எனக்காகத்தான் இத்தனை பாடுபடுகிறாள் என்று நினைத்தபோது பெரியவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியாமல் விட்டுவிட்டாள்.

"போம்மா, நீ ஜெயிச்சுட்டே!"

அம்மா விடவில்லை.

"போதும்மா. நீதான் ஜெயிச்சே. விடு."

டாக்டர் வந்து பார்த்தார். மூச்சை அடக்கினால் இப்படி ஆகுமா என்று பெரியவள் கேட்டாள். "அடக்கறதுக்கு அவங்ககிட்ட மூச்சு எங்கம்மா இருந்துச்சு? இன்னிக்கோ நாளைக்கோன்னு இருந்தவங்கதானே" என்று சொல்லிவிட்டுச் சிலிண்டரை மூடினார். அதுவரை இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

சின்னவள் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"சொல்லுக்கா. என்னைக் கேட்டாளா?"

கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவளுக்கு மனசு வரவில்லை.

"கேக்கல."

"பின்ன என்ன பண்ணிட்டிருந்தா?"

"விளையாடிட்டிருந்தோம். மூச்சு அடக்கி."

சின்னவள் நிமிர்ந்தாள். "யாரு? நீயா?"

"ம். அவதான் கூப்பிட்டா."

திட்டுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். கொலைகாரி என்றால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். சின்னவளோ அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு ஜெயிச்சா?"

"அம்மா."

"என்கிட்ட ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை" என்றாள் சின்னவள். குரல் மாறியிருந்தது. அவள் அக்காவைப் பார்த்த பார்வை பெரியவளுக்கு நன்றாகப் பழகியதுதான். இத்தனை மாதமும் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் எழுந்து கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"எப்படி அடக்கினா? செஞ்சு காட்டு."

"சும்மா இருடி. இப்பப் போய்."

"காட்டுக்கா."

பெரியவள் உதட்டை இறுக்கிக் கன்னத்தை லேசாக உப்பினாள். கண்ணை மட்டும் மூடவில்லை. சின்னவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

மாடி வீட்டம்மா குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவர் முகமும் சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரும் முதலில் விடுவதாக இல்லை.