சாயாத கோன்

அர்ச்சுனனை முதலில் அறைந்தவர் ஜாடிப் பட்டறை தனக்கோடி. அதன் பிறகு யார் கை, யார் கால் என்று தெரியவில்லை. விருத்தாசலத்துச் சின்னப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பொதுச் சூளைதான். எல்லோருடைய ஜாடியும் கோப்பையும் ஒரே நெருப்பில் வேகும். அன்று விடியும்போது அத்தனையும் இளகி ஒட்டிக்கொண்டு, அடுக்கு சரிந்து, வாசலை அடைத்திருந்த செங்கல்லை வெளியே தள்ளிவிட்டது. காவலுக்கு நின்ற அர்ச்சுனனுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. அந்தக் காலைப் பிடித்தே அவனை இழுத்தார்கள்.

“நல்லாத் தின்னுட்டுத் தூங்கினியாடா?”

“இல்லீங்க. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கோன் சாயவே இல்லீங்க.”

கூட்டத்துக்குப் பின்னால் அவன் அக்கா பெரியநாயகி நின்றாள். கோன் ஏன் சாயவில்லை என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் அவள் புருஷன் தங்கதுரை, சூளையின் பெரிய நெருப்புக்காரன்.

கோன் என்பது விரல் நீளக் கூம்பு. சீமையிலிருந்து வரும். பாண்டம் வெந்த பதத்தில் அதன் தலை சாயும். உடனே தீயை நிறுத்த வேண்டும். சாய்ந்த கோன் மறுபடி உதவாது. அந்த வருஷம் எகிப்தில் சண்டை மூண்டு சூயஸ் கால்வாய் அடைபட்டது. கோன் பெட்டி ஏற்றிய கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிறது என்றார் சென்னை ஏஜென்டு. பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். ஆவணியில் கையிருப்பு தீர்ந்தது. கோன் இல்லாமல் சூளை எரியக் கூடாது என்று பட்டறைக்காரர்கள் முடிவு செய்தார்கள். சூளை அணைந்தால் தங்கதுரைக்கும் பிழைப்பில்லை, மச்சான் அர்ச்சுனனுக்கும் இல்லை.

தங்கதுரை வீட்டிலேயே மண் பிசைந்து கோன் செய்தான். அது எந்தச் சூட்டுக்கும் சாயாது. பழைய பெட்டிக்கு அடியில் கிடைத்தது என்று காட்டினான். முதல் தடவை தீயின் நிறத்தைப் பார்த்து அணைத்துவிட்டு, யாரும் பார்க்குமுன் கம்பியால் கோனைத் தட்டிச் சாய்த்தான். சரக்கு நன்றாகவே வந்தது. இரண்டாம் தடவை காய்ச்சலில் படுத்துவிட்டான். அர்ச்சுனனிடமாவது சொல்லிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். அவன் வாயில் எதுவும் தங்காது, நேரத்துக்கு நானே போய்விடுவேன் என்றவன், விடியும்வரை கண் விழிக்கவில்லை.

இப்போது போர்வையோடு வந்து நிற்கிறான். பெரியநாயகி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தனக்கோடி தீக்கம்பியைக் கையில் எடுத்தார்.

சரிந்த செங்கல்லுக்கு நடுவே கோன் கிடந்தது. கையில் முந்தானையைச் சுற்றி அதை எடுத்தாள். துணி கருகி உள்ளங்கையோடு ஒட்டியது. அப்படியே கொண்டுபோய்த் தனக்கோடியின் காலடியில் வைத்தாள். கூர் கூட மழுங்காமல் நிமிர்ந்து நின்றது.

“சீமைக் கோனு இப்புடி நிக்குமா மொதலாளி? இது எங்க வூட்டு அம்மிக்குப் பக்கத்துல செஞ்சது. எங்க வூட்டுக்காரரு செஞ்சாரு. என் தம்பிய வுட்டுடுங்க.”

விட்டுவிட்டார்கள். சொல்லிவிட்டால் அடி நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். அடி வாங்கும் ஆள்தான் மாறியது. போர்வையைப் பிடித்து இழுத்துத் தங்கதுரையை மண்டியிட வைத்தார்கள். அவன் ஓடப் பார்க்கவில்லை. அர்ச்சுனன் ஒற்றைக் காலில் எழுந்து, தனக்கோடியின் கையிலிருந்த கம்பியை வாங்கினான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மாமா” என்றான்.

அவள் நடுவே ஓடுவதற்குள் கம்பி இறங்கியது. தடுக்கத் தூக்கிய தங்கதுரையின் வலது கை முழங்கையில் முறிந்தது. அந்தச் சத்தத்துக்குக் கூட்டமே பின்வாங்கியது.

தை பிறந்த பிறகு கோன் பெட்டி வந்து சேர்ந்தது. சூளையைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். தங்கதுரையின் கை மடங்கவில்லை, வீட்டோடு இருந்தான். நெருப்பு அர்ச்சுனன் பொறுப்பு. பாண்டம் அடுக்கப் போன பெரியநாயகி, பெட்டியிலிருந்து ஒரு கோனை எடுத்துப் பிசைந்த மண் உருண்டையில் நட்டுத் தம்பியிடம் நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோனைப் பிடுங்கி இரண்டாக உடைத்து, உள்ளே என்ன நிறம், எந்த மண் என்று வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு கீழே போட்டுவிட்டு, வேறொன்றைத் தானே எடுத்துக்கொண்டான்.