பொறுப்புத் தேநீர்

எதிர்க்கடை நாவிதன் ஹாய் சூனின் கிண்ணத்தில் மட்டும் ஈரல் துண்டு எப்போதும் கூடுதலாகக் கிடக்கும். போடுகிறவள் நூடுல்ஸ் கடைக்காரன் கெங்கின் மனைவி லியென்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"

"ஊத்தும்மா, உன் புருஷன் பார்க்கிறதுக்குள்ள."

இருவரும் சிரிப்பார்கள். அண்ணனாம், அண்ணன்! கெங்கிடம் அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. அவனுக்கு வயிறு எரிந்தது.

சீனர்கள் பிழைக்க வந்த சோலோன் நகரத்தில் ஆள்கிற பிரெஞ்சுக்காரன் வைத்ததுதான் சட்டம். சீனத்திலிருந்து வந்த எவனுக்கும் அவனவன் சொந்த ஊர்ச் சங்கத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் கையை விரித்தால் சீனத்துக்கே திரும்பக் கப்பலேற்றிவிடுவார்கள். லியென் உள்ளூர்க்காரி, அவளுக்கு அந்தப் பயமில்லை.

கெங் நேரே தலைவர் குவேயிடம் போனான்.

"சூன் கடையில முடி மட்டும் வெட்டலைங்க. கள்ள அபினும் கைமாறுது" என்று கூசாமல் புளுகினான்.

"கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேங்க."

தலைவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நல்லா யோசிச்சுட்டேங்க."

மறுநாள் காலையில் போலீஸ் சூனைக் கொண்டுபோனது. லியென் அடுப்படியில் அழுதாள். கெங் அன்று எல்லாருக்கும் தாராளமாக ஈரல் போட்டான்.

சாயங்காலம் போலீஸ் மறுபடி வந்தது. கூடவே தலைவரும் வந்தார்.

"என்னை எதுக்குங்க?"

"நீ கரையிறங்கினப்ப, உனக்காக என் முன்னால யாருடா டீ குடிச்சது?"

புதிதாக வருகிறவனுக்காகப் பழைய ஆள் ஒருவன் தலைவர் முன் தேநீர் குடித்துப் பொறுப்பேற்பது சங்கத்து வழக்கம். குடித்தவன் போனால், அவன் யாருக்காகக் குடித்தானோ அவனும் போக வேண்டியதுதான். அன்று கெங்குக்காகக் கோப்பையை எடுத்தவன் சூன். இத்தனை வருஷத்தில் கெங் அதைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தான்.

"வேற யாரையாவது குடிக்கச் சொல்லுங்க."

"தெரு பூரா கேட்டுட்டேன். உனக்காகன்னா ஒருத்தனுக்கும் தாகமில்லையாம்."

கப்பல் தளத்தில் சூன் நகர்ந்து இடம் விட்டான். "வா தம்பி, உக்காரு. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் நம்ம ரெண்டு பேர் பொழப்புலயும் மண்ணைப் போட்டுட்டான்."

கெங் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

கீழே துறையில் லியென் அழுதுகொண்டே கையசைத்தாள். சூன் கையசைத்தான். கெங்கும் எழுந்து அவசரமாகக் கையசைத்தான். கப்பல் நகர்ந்தது. அவள் யாருக்குக் கையசைத்தாள் என்று கெங்கால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவனிடம் கேட்கவும் முடியவில்லை.